மில் சங்கு நின்ன பிறகு: பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு ஆளுங்க இருந்தா வாங்க

#1 பட்டாளத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக ஓட்டேரி வந்தேன். ஆவடிக்குக் குடிபோய் 19 வருஷம் ஆச்சு. கல்யாணம், சாவு தவிர இந்தப் பக்கம் வர்றதே இல்ல. மொய் எழுதிட்டு, சாப்பிட்டுட்டு, சரி நம்ம தெருவை ஒரு தடவை பார்த்துட்டுப் போவோம்னு பட்டாளம் பக்கம் நடந்தேன்.

தெரு இருக்கு. நாங்க இருந்த லைன் வீடுதான் இல்ல. ஒன்பது குடித்தனம், ரெண்டு கக்கூஸ், ஒரு அடிபம்பு இருந்த எடத்துல இப்ப நாலு மாடி. கீழ கார் நிறுத்துறாங்க. கேட்டுல இருந்த வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?"னு கேட்டார். என்ன சொல்றதுன்னு தெரியல. "சும்மாதான்"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, அந்த வாட்ச்மேனுக்கு எங்கப்பா வயசு இருக்கும். மில் மூடினதும் எங்கப்பாவும் இதே வேலைக்குத்தான் போனார்.

அப்பா வட சென்னை பெரம்பூர்ல இருந்த பி அண்ட் சி துணி மில்லுல ஸ்பின்னிங் (நூற்பு). 1996ல மில் மூடினப்ப நான் எட்டாவது படிச்சேன். எனக்கு ரெண்டே கேள்வி. உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு? இந்த ஏரியாவுக்கு இனிமே என்ன வந்தா நல்லாருக்கும்?

#2 வியாசை ஃபார்வர்டு

அண்ணே, நான் 2001ல பொறந்தவன். எனக்கு மில்னா அந்த நீளமான செவுருதான். செவுத்துக்கு அந்தாண்ட ஷூட்டிங் நடக்கும், எந்த ஹீரோ வந்திருக்கான்னு பார்க்க கேட்டாண்ட நிப்போம். உள்ள துணி நெஞ்சாங்கன்னே ஆயா சொல்லித்தான் தெரியும்.

ரெண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: கிரவுண்டு. இங்க தடுக்கி விழுந்தா ஒரு ஃபுட்பால் பிளேயர் மேலதான் விழணும். ஆனா ஆடுறதுக்கு எடம் இல்ல.

#3 தறிக்காரர்

ஐயா, வணக்கம். எனக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்புரை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

நான் 1967ல் மில்லுக்குள் போனேன். முதலில் பதிலி. தினமும் கேட்டில் போய் நிற்க வேண்டும். ஆள் வராத தறி இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும். நிரந்தரம் ஆவதற்குள் நடந்தே செருப்பு தேய்ந்துவிட்டது. நெசவுப் பிரிவில் போட்டார்கள். அந்த இரைச்சலைச் சொல்லால் சொல்ல முடியாது. பக்கத்துத் தறிக்காரரிடம் கத்திப் பேசினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அதில் ஒரு லாபம், மேஸ்திரியை அவர் முன்னாலேயே திட்டலாம். நஷ்டம் என்னவென்றால், வீட்டிலும் எங்களுக்கு மெதுவாகப் பேச வராது. நெசவுக்காரர் குடும்பம் எது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். பெண்டாட்டியிடம் ஆசையாகப் பேசினாலும் பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள்.

(தாத்தா இப்பவும் அப்படித்தான் பேசுறார். இதைச் சொல்லும்போதே கீழ் வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்துட்டாங்க. - பேத்தி)

எங்கள் காக்கித் துணி பேர் போனது. போலீஸ்காரர், ராணுவக்காரர் உடம்பில் எல்லாம் எங்கள் துணிதான். ரோட்டில் போலீஸ்காரர் மடக்கினால், "உங்க சட்டை நான் நெஞ்சது சார்" என்று சொல்வேன். ஒரு தடவை அதற்காகவே விட்டுவிட்டார். இன்னொரு தடவை அதற்காகவே ரெண்டு போட்டார்.

சங்கு ஊதினால் கேட்டிலிருந்து ஆட்கள் வெள்ளம் போல் வருவார்கள். கேட்டுக்கு வெளியே அதை நம்பி ஓர் ஊரே இருந்தது. இட்லி விற்கும் அம்மாக்கள், வாடகை சைக்கிள் கடை, வெற்றிலைபாக்குக் கடை, சம்பள நாளன்று மட்டும் முளைக்கிற வட்டிக்காரர்கள். மில் மூடியபோது கணக்கில் வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். இவர்கள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் ஷிப்டுக்கு இட்லி போட்ட அம்மா ஒரு மாதம் வரை பூட்டின கேட்டுக்கு எதிரே கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். யாருக்காக என்று கேட்டேன். "வேற எங்கப்பா போய் உக்கார்றது?" என்றார்.

மில் மூடிய பிறகு கொஞ்ச நாள் அதே வளாகத்துக்குள்ளேயே ராத்திரிக் காவலுக்குப் போனேன். சினிமாக்காரர்கள் என் தறி இருந்த இடத்தில் கோர்ட்டு மாதிரி செட் போட்டிருந்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பீடி குடித்தேன். அவ்வளவு அமைதியில் அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது.

#4 பழைய பேப்பர்

தறிக்காரர் ஐயாவுக்கு ஒரு வணக்கம். இந்த இழையைப் படிக்கிற இளசுகளுக்காகக் கொஞ்சம் வரலாறு. பக்கிங்காம் மில் 1876, கர்நாடிக் மில் 1881. 1920ல ரெண்டையும் ஒண்ணாக்கித்தான் பி அண்ட் சி. நிர்வாகம் பின்னி கம்பெனி. அதனால நம்ம ஆளுங்களுக்கு ரெண்டுமே 'பின்னி மில்'.

இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம் பொறந்தது பம்பாய்லயோ கல்கத்தாவுலயோ இல்ல, நம்ம பெரம்பூர்லதான். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. ஆனா விதை போட்டது செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடுன்னு ரெண்டு உள்ளூர்க்காரங்க. மில்லாண்ட ஒரு சபா நடத்தி, சமயச் சொற்பொழிவுக்குத் தொழிலாளிகளைக் கூட்டிக்கிட்டு இருந்தவங்க. பக்திக்கு வந்த கூட்டம் அப்படியே சங்கமா மாறிடுச்சு.

முதல் சண்டை எதுக்குத் தெரியுமா? கூலிக்கு முன்னாடி சோத்துக்கு. மதிய இடைவேளை அரை மணி நேரம்தான். அத்தனை பேரும் வெளிய வந்து, கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப உள்ள போகணும். கேட்டு சாத்திட்டா போச்சு. போராடித்தான் அதை 40 நிமிஷமாக்கினாங்க. பத்து நிமிஷம்! இன்னைக்கு ஐடி கம்பெனியில காபி மெஷின்கிட்டயே அதைவிட அதிக நேரம் நிக்கிறோம்.

சாதி மதம் பார்க்காம எல்லாரும் ஒண்ணா நின்ன இடம் இது. அந்த ஒத்துமைதான் இப்ப காணாமப் போச்சு.

#5 புளியந்தோப்புப் பேத்தி

கடைசி ரெண்டு வரியைத் தவிர மத்ததெல்லாம் சரி.

1921 வேலைநிறுத்தத்தை ஏன் விட்டுட்டீங்க? மாசக்கணக்கா நடந்து அக்டோபர்ல முடிஞ்சது. அதுல ஒரு கட்டத்துல ஆதி திராவிடத் தொழிலாளிங்க வேலைக்குப் போனாங்க. கையில சேமிப்பு இல்லாதவன் எத்தனை நாளு பட்டினி கிடப்பான்னு யாரும் கேக்கல. 'கருங்காலி'ன்னு பேர் வச்சாங்க. அப்புறம் புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சது. கலவரம், துப்பாக்கிச் சூடு, ரெண்டு பக்கமும் சாவு. வெள்ளைக்காரன் இந்தப் பிளவை நல்லாப் பயன்படுத்திக்கிட்டான், அது உண்மை. ஆனா பிளவை அவன் கப்பல்ல கொண்டுவந்து இறக்கல. அது நம்ம சேரிக்கும் தெருவுக்கும் நடுவுல ஏற்கெனவே இருந்தது. ஆதி திராவிடத் தலைவர் எம்.சி. ராஜா ஏன் அன்னைக்கு இந்த ஜனங்க பக்கம் நின்னு பேசினார்னு தேடிப் பாருங்க.

எங்க வீட்டுல இது மூணு தலைமுறைக் கதை. கொள்ளுப்பாட்டி கையில பித்தளைச் சொம்போட ஓடி வந்தாங்களாம். அந்தச் சொம்பு இப்பவும் இருக்கு, ஒரு பக்கம் நசுங்கினது. 'ஒத்துமையா இருந்தோம்'னு யாராவது சொன்னா எனக்கு அந்தச் சொம்புதான் ஞாபகம் வருது. சண்டை போட வரல. ஞாபகம் எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன்.

#6 பழைய பேப்பர்

நீங்க சொன்னது சரி. எனக்கு 1921 தெரியாம இல்ல, எழுதும்போது வசதியா தாண்டிட்டேன். எங்க தாத்தா வேலைநிறுத்தம் பண்ணின பக்கம். எங்க வீட்டுக் கதையில குடிசை எரிஞ்சது வராது, போலீஸ் சுட்டது மட்டும்தான் வரும். மேல எழுதினதை அழிக்காம விடுறேன், உங்க பதிலோட சேர்த்துப் படிக்கட்டும்.

#7 மட்டுறுத்துநர்

இந்த அளவுக்கு மரியாதையா ஒரு சாதி விவாதம் இங்க நடந்து நான் பார்த்ததில்ல. இழையைப் பூட்டத் தயாரா சாவியோட உக்கார்ந்திருந்தேன். தொடருங்க.

#8 பதினேழாவது மாடி

வணக்கங்க. நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். பழைய மில் நிலத்துல வந்திருக்கிற அடுக்குமாடியில குடியிருக்கேன். கோயமுத்தூர்க்காரி. இங்க வீடு வாங்கினப்ப 'பெரம்பூர், ரயில்வே ஸ்டேஷன் பக்கம்'ங்கிறதுதான் தெரியும். மில் கதையெல்லாம் தெரியாதுங்க.

ஆனா மில்லுன்னா என்னன்னு தெரியும். எங்க அப்பாரு ஊர்ல பஞ்சு மில்லுலதான் இருந்தாரு. ராத்திரி வர்றப்ப தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், வயசு ஆகறதுக்கு முன்னாடியே நரைச்ச மாதிரி. அந்த மில்லும் இப்ப இல்ல, அங்கயும் வீட்டுமனைதான். அதனால தறிக்காரர் ஐயா எழுதினதைப் படிச்சப்ப எங்க அப்பாரு சத்தம் காதுல கேட்டுச்சு.

ஒண்ணு கேக்கணும். எங்க வளாகத்துல புள்ளைங்க விளையாடுற இடம், நடைபாதை எல்லாம் இருக்குது. அதுல எது எந்த மில்லோட எந்தப் பிரிவுன்னு யாருக்காவது தெரியுமாங்க? என் மக "அம்மா, நம்ம வீட்டுக்குக் கீழ முன்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியல.

#9 டவுட்டு தனபாலு

மேடம், உங்க கேட்டுக்குள்ள ஸ்விகி தம்பியே ஆதார் காட்டிட்டுத்தான் போறான். மில் இருந்தப்ப செவுரு, இப்பவும் செவுரு. அப்ப செவுத்துக்குள்ள போக எங்காளுங்களுக்கு டோக்கன் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.

#10 பதினேழாவது மாடி

நீங்க சொல்றது வலிக்குதுங்க, ஆனா பொய்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா புளியந்தோப்புதான். அவங்களுக்கும் பாஸ் இருந்தாத்தான் உள்ள விடறாங்க.

#11 ஓட்டேரி அக்கா (இப்ப பெரும்பாக்கம்)

எல்லாரும் மில்லைப் பத்தியே பேசுறீங்க. கால்வாய்க்கரையில ஒரு ஊரு இருந்துச்சு, அதைப் பத்தி ஒருத்தரும் பேசல.

நாங்க ஓட்டேரி நல்லா ஓரம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், 'நல்லா'ன்னா நல்லா இருக்கும்னு அர்த்தமில்ல, கால்வாய். வில்லிவாக்கம் பக்கமிருந்து வந்து, ஓட்டேரி, புளியந்தோப்பு வழியா போய் பேசின் பிரிட்ஜாண்ட பக்கிங்காம் கால்வாய்ல சேரும். மழைக்காலத்துல பக்கிங்காம் ரொம்பிட்டா இதை உள்ள வாங்காது. தண்ணி வந்த வழியே திரும்பும். முதல்ல எங்க அடுப்பை நனைக்கும், அப்புறம்தான் நியூஸ்ல வரும். 2015லயும் அப்படித்தான். கட்டில் மேல கட்டில் போட்டு, அதும்மேல மாமியாரை உக்கார வச்சு, பாலிதீன் பையில ரேஷன் கார்டைச் சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கினு நின்னேன்.

அப்புறம் அதிகாரிங்க வந்தாங்க. வெள்ளத்துலேர்ந்து காப்பாத்தத்தான் தூக்குறோம்னாங்க. நான் பொய் சொல்லல, வெள்ளத்துலேர்ந்து காப்பாத்தினாங்க. இங்க எட்டு மாடிக் கட்டடம், தண்ணி ஏறாது. ஆனா 25 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. பையன் பள்ளிக்கூடம் நடு வருஷத்துல போச்சு. நான் நாலு வீட்டுல பாத்திரம் தேச்சுக்கினு இருந்தேன், எல்லாம் புரசைவாக்கம், அயனாவரம். அஞ்சு மணிக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி ஒரு வருஷம் போய்ப் பார்த்தேன். சம்பளத்துல பாதி பஸ்ஸுக்கும் டீக்கும் போச்சு. விட்டுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி ஓட்டுவார், மூணு சக்கர சாமான் வண்டி. காயலான் கடைக்கு இரும்பு, பேப்பர் எல்லாம் ஏத்துவார். அந்த வண்டிக்கு இங்க என்ன வேலை? வண்டியை வித்தார். வித்த அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அக்கம்பக்கம்னு சொல்றீங்களே, அது வீடு இல்லப்பா. கைமாத்தா அரிசி குடுக்குற எடம். 'காச்சலாக் கீது, புள்ளைய ஸ்கூல்ல விட்டுர்றியா'ன்னு கேக்க ஒரு வாசப்படி. என் தெருவுல இருந்த 40 வீட்டை ஏழெட்டு பிளாக்குல பிரிச்சு, குலுக்கல்ல குடுத்தாங்க. பக்கத்து வூட்டுக்காரி இப்ப எங்க இருக்கான்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

என்ன வந்தா நல்லாருக்கும்னு கேட்டீங்களே. இனிமே யாரையாவது தூக்குனா தெருவாத் தூக்குங்க, வீடு வீடாப் பிரிக்காதீங்க. ஒரு கிலோமீட்டருக்குள்ள எடம் குடுங்க. அவ்ளோதான்.

#12 வியாசை ஃபார்வர்டு

அக்கா, உங்களுக்கு அப்புறம் நான் கிரவுண்டு கேட்டதை நெனச்சா வெக்கமாக் கீது.

#13 ஓட்டேரி அக்கா (இப்ப பெரும்பாக்கம்)

அட, நீ கேளுடா தம்பி. எம்புள்ளையும் ஆடுவான். இங்க எடம் கீது, கூட ஆடத்தான் ஆளுங்க இல்ல. பழைய டீம் எல்லாம் அங்க.

#14 லோகோ குவாட்டர்ஸ்

நான் ரயில்வே குடும்பம். பெரம்பூர் பழைய கதைன்னாலே எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் குறுக்கே பேசிக்கறேன்.

பட்டாளத்துப் பையன் 'ஒன்பது குடித்தனம், ரெண்டு கக்கூஸ்'னு ஒரே வரியில தாண்டிட்டீங்க. காலையில அந்த ரெண்டு கக்கூஸ் முன்னாடி வாளியோட நின்ன பொம்பளைங்ககிட்ட கேளுங்க, பழைய நாள் திரும்பி வரணுமான்னு. என் சிநேகிதி ஒருத்தி அந்த மாதிரி லைன் வீட்டுல வளர்ந்தவ. வயசுக்கு வந்த பிறகு விடியறதுக்கு முன்னாடி எழுந்தே பழகிட்டா, இப்ப தனி பாத்ரூம் இருக்கிற வீட்டுலயும் நாலரைக்கு முழிப்பு வந்துடுதாம். ஒண்டுக்குடித்தனத்துல அன்பு இருந்தது, அந்தரங்கம் இல்ல. இடிச்சதுல எனக்கு வருத்தமில்ல. இடிச்சதுக்கப்புறம் அதே ஒன்பது குடும்பம் அந்த நாலு மாடிக்குள்ள வர முடியலயே, அதுதான் வருத்தம்.

மத்தபடி என் ஞாபகம் எல்லாம் சினிமா கொட்டகைதான். 1955ல நேரு வந்து ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்து வச்சதை எங்க தாத்தா நேர்ல பார்த்தாராம், எனக்கு அதைவிட 1985ல ரஜினி வந்து பிருந்தா தியேட்டரைத் திறந்து வச்சதுதான் வரலாறு. சட்டை கிழிஞ்சு வீட்டுக்கு வந்து அடி வாங்கினேன். இப்ப அதையும் மூடிட்டாங்க. புரசைவாக்கம் ராக்ஸி போய் துணிக்கடை வந்தப்பவே மனசைத் தேத்திக்கிட்டேன். ஓட்டேரி மகாலட்சுமியில எம்ஜிஆர், சிவாஜி பழைய படம் போடுவான், மில் ரிடையர்டு ஆளுங்க மேட்னிக்கு அங்கதான் குந்தியிருப்பாங்க. பாதிப் பேரு தூங்குவாங்க. தூங்கறதுக்குக் காசு குடுக்கிறாங்களேன்னு அப்ப சிரிச்சேன். வீட்டுல பகல்ல படுக்க எடமில்லன்னு பிறகுதான் புரிஞ்சது.

#15 டவுட்டு தனபாலு

29சி-யை யாரும் சொல்லலயே! பெரம்பூர் டு பெசன்ட் நகர். வட சென்னைக்காரன் கடலைப் பார்க்க ராயபுரம் போகாம பெசன்ட் நகர் போனதுக்குக் காரணமே அந்த பஸ்ஸுதான். என் கல்யாணத்துக்கும் அதுதான் காரணம். அது வேற இழை.

#16 பழைய பேப்பர்

'இனிமே என்ன' கேள்விக்கு வர்றேன். 2023 பட்ஜெட்டுல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 1,000 கோடி அறிவிச்சாங்க. 2024 மார்ச்ல தங்க சாலையில விழா வச்சு ஆரம்பிச்சப்ப மதிப்பு 4,181 கோடி. இன்னொரு பக்கம் மெட்ரோ. ரெண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், அதுல மாதவரம் - சிறுசேரி சிப்காட் தடம் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாப் போகுது. பூமிக்கு அடியில. நம்ம ஏரியாவுக்கு இவ்வளவு காசு இதுக்கு முன்னாடி வந்ததில்ல.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனா வயித்தைப் பிசையுது. எங்க தெருவுல மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வச்ச உடனேயே ஹவுஸ் ஓனர்ங்க வாடகையை ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. ரயில் இன்னும் ஓடவே இல்ல. தூசி மட்டும்தான் வந்திருக்கு, அதுக்கே வாடகை ஏறுது! ரயில் வர்றப்ப அதுல ஏற நாங்க இங்க இருப்போமா?

#17 லோகோ குவாட்டர்ஸ்

அதுக்காக மெட்ரோ வேணாம்னு சொல்வீங்களா? ஓட்டேரியிலேர்ந்து ஓ.எம்.ஆர் ஆபீஸுக்கு என் பொண்ணு தினம் ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல நிக்கிறா.

#18 பழைய பேப்பர்

வேணாம்னு சொல்லல. ஸ்டேஷனைச் சுத்தி குடிசை மாற்று வாரிய வீடு இருக்குற எடத்துலயே மறுபடி வாரிய வீடு கட்டணும், அங்கேயே இருந்த ஆளுங்களுக்கு. அதோட ஓட்டேரி நல்லாவைத் தூர் வாரி, சேர்ற எடத்துல தண்ணி போக வழி பண்ணணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு பட்டாளத்துல எத்தனை நாள் தண்ணி நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு நான் சின்ன வயசுலேர்ந்தே 'நீச்சல் குளம்'னுதான் பேர் வச்சிருக்கேன். மேல அழகுக்கு லைட்டு, செவுத்துல படம் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

#19 புளியந்தோப்புப் பேத்தி

செவுத்துல படம் வேணும்னு நான் சொல்றேன். ஆனா என்ன படம்னு எங்களைக் கேட்டு வரையணும். ஏரியாக்குள்ள வந்து பாக்ஸிங் கிளவுஸ், கேரம் போர்டு, கானா பாடுற பையன்னு வரைஞ்சுட்டுப் போயிடுறாங்க. எங்க தெருவுல நர்ஸுங்க இருக்காங்க, வக்கீல் ரெண்டு பேரு இருக்காங்க, நானே ஆசிரியை. ஆட்டுத்தொட்டியும் (ஆடு வெட்டுற எடம்) ரவுடியும் மட்டும்தான் புளியந்தோப்பா? காலேஜ்ல சேர்ந்தப்ப எந்த ஏரியான்னு கேட்டா 'புரசைவாக்கம் பக்கம்'னு சொல்லியிருக்கேன். மூணு வருஷம் அப்படியே சொன்னேன். என் பசங்க அதைச் சொல்லக் கூடாது. எனக்கு வேண்டிய வளர்ச்சித் திட்டம் இதுதான், கோடியில எவ்வளவு ஆகும்னு தெரியல.

ஒரு நூலகம் வேணும். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கணும். ஒரே ரூம்ல டிவி ஓடுற வீட்டுல பத்தாவது பரீட்சைக்குப் படிச்சவங்களுக்குத்தான் இது ஏன்னு புரியும்.

#20 பட்டாளத்துப் பையன்

நான் ரெண்டு கேள்வி கேட்டுட்டு ஓரமா நிக்கிறேன், என்னால பதில் எழுத முடியல. அக்கா எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. நாங்களா ஆவடிக்குப் போனோம், லோன் போட்டு, பிடிச்ச வீடா பார்த்து. அதையும் 'ஏரியாவை இழந்துட்டேன்'னுதான் பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன்.

தறிக்காரர் ஐயா, ஸ்பின்னிங்ல எங்கப்பாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? உயரமா இருப்பார், இடது கைக்காரர். பேர் தனிச் செய்தியில அனுப்பியிருக்கேன்.

#21 தறிக்காரர்

தம்பி, ஆயிரக்கணக்கில் ஆட்கள். நாங்கள் நெசவு, அவர்கள் நூற்பு. அது வேறு நாடு மாதிரி. பேர் பார்த்தேன், தெரியவில்லை. தெரியும் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம். ஆனால் இடது கைக்காரர் ஒருவர் சங்கக் கட்டடத்தில் கேரம் ஆடுவார், யாராலும் ஜெயிக்க முடியாது. அது அவரா என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சங்கு வேண்டும். சிரிக்காதீர்கள். மில் வேண்டாம், அது திரும்பாது. அந்தத் தூசியும் இரைச்சலும் யாருக்கும் வேண்டாம். தினம் ஒரு தடவை, சாயங்காலம், பழைய சங்கு மாதிரி ஒன்று ஊதட்டும். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றைக் கேட்டார்கள் என்று இருக்கும். மாடியில் இருப்பவருக்கும் கேட்கும், கால்வாய்க்கரையில் இருப்பவருக்கும் கேட்கும்.

(தாத்தா, பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு, ஒலி மாசுன்னு கேஸ் போடுவாங்கன்னு சொன்னேன். 'போடட்டும், நான்தான் கோர்ட்டுலயே உக்காந்து பீடி குடிச்சவனாச்சே'ங்கிறார். - பேத்தி)

#22 பட்டாளத்துப் பையன்

அம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டேன். "உங்கப்பாவுக்கு கேரம் எல்லாம் தெரியாது, சீட்டாட்டம்தான்"னு சொல்லிட்டாங்க. இன்னும் திட்டிக்கிட்டே இருக்காங்க, போன் வைக்க முடியல.

#23 பதினேழாவது மாடி

ஐயா, என் கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும். எங்க வீட்டு பால்கனியில இருந்து பார்த்தா வளாகம் முழுக்கத் தெரியும், ரயில் தண்டவாளம் வரைக்கும். ஒரு நாள் வந்து நெசவுப் பிரிவு எங்க இருந்துச்சு, சங்கு எந்தப் பக்கம், இட்லிக்கார அம்மா எங்க உக்காந்திருப்பாங்கன்னு கை நீட்டிக் காட்டுவீங்களாங்க? என் மக ஒரு பெரிய தாள்ல வரைபடம் போடறேன்கிறா. ஓட்டேரி அக்காவும் வரணும், கால்வாய்க்கரைத் தெருவை அவங்கதான் சொல்ல முடியும். புளியந்தோப்பு டீச்சரும் வாங்க. கேட்டுல உங்க எல்லார் பேரும் எழுதிக் குடுத்துடறேன். இல்ல, நானே கீழ வந்து நிக்கறேங்க, யாரும் உங்களை 'யாரைப் பார்க்கணும்'னு கேக்க வேண்டாம்.

#24 ஓட்டேரி அக்கா (இப்ப பெரும்பாக்கம்)

ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன். ரெண்டு பஸ்ஸு, பதினோரு மணி ஆவும். கூட பழைய பக்கத்து வூட்டுக்காரியையும் இட்டாரலாமா? அவளுக்குத்தான் எந்த வூடு எதுக்கு அடுத்ததுன்னு வரிசையாத் தெரியும்.

#25 தறிக்காரர்

வருகிறேன் அம்மா. பதினேழு மாடி என்கிறீர்கள், எனக்கு இரண்டு முட்டியும் வலி. லிஃப்ட் கரண்டு போனாலும் ஓடுமா என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துச் சொல்லுங்கள்.